ஏழில் இடறிய பேய்

கதவில் எழுதியிருந்த எண் நகர்ந்தது.

ஆரோக்கியம் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். பட்டப்பகல், பங்குனி வெயில். பக்கிரி வீட்டுக் கதவில் ஒரு முழ அகலத்துக்குக் கறுப்பாக எழுதியிருந்த ஆறு இலக்கங்களும் நெளிந்துகொண்டிருந்தன.

“முசியே, நான் போயி சைக்கிளப் பாத்துக்கறேன். வில்லியனூர்ல சைக்கிள் திருட்டு ரொம்ப ஜாஸ்தி.”

“நம்ம சைக்கிளைத் திருடுறவன் தூக்கிக்கிட்டுத்தான் போகணும். செயின் அறுந்து கிடக்கு. வாய்யா இங்க” என்றார் அரங்கநாதன்.

அரங்கநாதன் புதுச்சேரி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ஒரே பொய்யைத் தமிழில் ஒரு தடவை, பிரெஞ்சில் ஒரு தடவை என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், துப்பறியக் கிளம்பிவிட்டவர். பிரெஞ்சுக்காரர்களின் ‘ஐயா’வான ‘முசியே’ மட்டும் அவரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆரோக்கியம் சைக்கிள் கடை வைத்து நொடித்தவன். பேய் பிசாசு என்றால் நடுங்குவான். நடுங்கும்போதும் வாய் ஓயாது என்பதுதான் அவனிடம் அவருக்குப் பிடித்த விஷயம்.

வாசற்படியில் காசம்மாள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காலிக் குடம். பக்கிரியின் பெண்சாதி. நாளைக்கு அவள் புருஷனைப் புதுச்சேரியில் நீதிபதி முன்னால் கொலைக் குற்றவாளியாக நிறுத்தப்போகிறார்கள்.

நடந்தது இவ்வளவுதான். மாசி மகத்தன்று திருக்காஞ்சி ஆற்றங்கரையில் எண் வித்தைக்காரர் சாமிக்கண்ணு வழக்கம்போலக் கடை விரித்தார். கடை என்றால் ஒரு பலகை, ஒரு சேவல். பலகையில் 720719 என்று ஒரே ஓர் எண். ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூற்றுப் பத்தொன்பது. இரண்டிலிருந்து நூறுக்குள் விருப்பப்பட்ட எண்ணைச் சொல்லி அதால் வகுக்கலாம். மீதி வராவிட்டால் சேவல் உனக்கு. வந்தால் ஒரு தேங்காய் அவருக்கு.

மீதி வராமல் இருந்ததே இல்லை. இரண்டால் வகுத்தால் ஒன்று மீதி. மூன்றால் வகுத்தால் இரண்டு, நான்கால் வகுத்தால் மூன்று. பதினாறு வரைக்கும் இதே கதைதான். இன்னும் ஒன்றே ஒன்று கூட இருந்திருந்தால் சரியாகப் போயிருக்கும். “ஒண்ணு குறையுது ஐயா, ஒண்ணு குறையுது!” என்று சாமிக்கண்ணு ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே தேங்காயை எடுத்துச் சாக்கில் போடுவார். ஆரோக்கியம் அவரிடம் வருஷக்கணக்காகத் தோற்ற தேங்காய்களை நட்டிருந்தால் இந்நேரம் ஒரு தோப்புக்குச் சொந்தக்காரனாகியிருப்பான்.

அன்று பக்கிரி தோற்றான். தோற்றவன் சும்மா போகாமல், “ஏமாத்துக்காரன்” என்று ஊர் பார்க்க அவர் கழுத்தைப் பிடித்தான். அன்று சாயங்காலத்திலிருந்து சாமிக்கண்ணுவைக் காணவில்லை. ரத்தக்கறையோடு அவர் துண்டு மட்டும் ஆற்றில் ஒதுங்கியது. பக்கிரியைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அதற்கு அடுத்த சந்தை நாள் விடியலில் பக்கிரி வீட்டுக் கதவில் அந்த எண் இருந்தது. காசம்மாள் சாணம் போட்டு மெழுகி அழித்தாள். அடுத்த சந்தை நாளில் மறுபடி வந்தது. செத்தவன் வந்து கொலைகாரன் வீட்டை அடையாளம் காட்டுகிறான் என்று தெரு முடிவு கட்டிவிட்டது. கிணற்றடியில் அவளுக்குக் கயிறு கொடுக்க ஆள் இல்லை. இந்தப் பேயைக் கோர்ட்டில் சாட்சியாகச் சொல்லவும் சிலர் தயாராக இருந்தார்கள்.

“காலைல பாத்தப்போ இது ஊர்ந்துச்சு ஐயா” என்றாள் காசம்மாள். “எம் புருசன் கோவக்காரன்தான். ஆனா கொல பண்ற ஆளு இல்ல. இந்த எண்ணுதான் எங்கள வுடமாட்டேங்குது. கண்ண மூடினா அந்த மனுசன் ‘ஒண்ணு குறையுது’ன்னு கத்தறது காதுல கேக்குது.”

ஆரோக்கியத்துக்கும் கேட்டது. ஆனால் அதைச் சொல்ல இது நேரமில்லை என்று சும்மா இருந்தான்.

அரங்கநாதன் கதவில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். “ஊர்றது எண் இல்லம்மா. எறும்பு.”

எறும்புதான். கறுப்புக் கோட்டின் மேலேயே வரிசையாக, ஏழின் தலையில் ஏறி இரண்டின் வளைவில் இறங்கி, சோலி பார்த்துக்கொண்டிருந்தன. அரங்கநாதன் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

“ஐயோ முசியே! பேய் எழுதினதை நக்கறீங்களே!”

“இனிப்பா இருக்கு. கரியைக் கரும்புப் பாகுல குழைச்சு எழுதியிருக்கு இந்தப் பேய். சரி, நீ படிச்சுச் சொல்லு. சாமிக்கண்ணு எண்தானா?”

“அதே எண்ணுதான். ஏழு, ரெண்டு, சைபர், ஏழு...” ஆரோக்கியம் நின்றான். “இல்லியே. இங்க ஒண்ணு இல்ல வரணும்? மறுபடி ஏழு நிக்குது.”

720779.

பயந்து ஓடுகிற தெருவில் யார் நின்று எழுத்தெண்ணிப் படிக்கப்போகிறார்கள்? காசம்மாளுக்கு எண் படிக்கவே தெரியாது.

“வகுத்துப் பாரு” என்றார் அரங்கநாதன்.

ஆரோக்கியம் மண்ணில் குந்தி, குச்சியால் கணக்குப் போட்டான். இந்தக் கணக்கில் அவனுக்கு நல்ல பழக்கம். “ரெண்டால ஒண்ணு மீதி. சரி. மூணால ரெண்டு. சரி. நாலால மூணு, அஞ்சால நாலு, ஆறால அஞ்சு. எல்லாத்துலயும் ஒண்ணு குறையுது முசியே. அவரேதான். வந்துட்டாரு. நாம கெளம்பிடலாம்.”

“ஏழால?”

குச்சி மண்ணைக் கீறியது. பிறகு நின்றது. “மூணு மீதி. ஆறுல்ல வரணும்?” இன்னொரு முறை போட்டுப் பார்த்தான். அதே மூன்று.

“ஆக, பேய் ஆறு வரைக்கும் தேறிடுச்சு. ஏழுல இடறி விழுந்துடுச்சு” என்றார் அரங்கநாதன். “சாமிக்கண்ணு செத்து எரிஞ்சு சாம்பலானாலும் இந்த எண்ணைத் தப்பா எழுத மாட்டார். இது அந்த எண்ணைப் பத்தி ஒண்ணும் தெரியாத ஆள் பார்த்து எழுதினது. உயிரோட இருக்கிற ஆள்.”

“எதப் பாத்து? பலகையயா?”

“அதைத்தான் இப்ப பார்க்கப்போறோம்.”

சாமிக்கண்ணுவின் வீடு அடுத்த தெருவில். அவர் மனைவி வள்ளியம்மாள் பலகையைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தாள். பக்கத்தில் சேவல் கட்டியிருந்தது. புருஷன் போய்விட்டான், தாலியை இறக்கு என்று உறவுக்காரர்கள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். “ஒடம்பக் கண்ணுல காட்டுங்க, அப்புறம் எறக்கறேன்” என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டிருந்தாள்.

பலகையில் ஒன்று என்பது வெறும் நெட்டுக் கோடு. அதை ஏழு என்று குருடன்கூடப் படிக்கமாட்டான்.

“இது பெயிண்டர் எழுதினது. உங்க வீட்டுக்காரர் கையால எழுதினது ஏதாவது இருக்கா அம்மா?”

“அவரு எங்க எழுதறாரு? தூக்கம் வரலன்னா அடுப்புச் சாம்பல்ல இந்த எண்ணத்தான் எழுதுவாரு, ஊதி வுட்டுடுவாரு. சொவத்துல கிறுக்கக் கூடாதுன்னு நான் மொதல்லயே சொல்லிட்டேன்.”

“எப்படி எழுதுவார்?”

வள்ளியம்மாள் ஒரு பிடி சாம்பலை அள்ளிவந்து தரையில் பரப்பினாள். அவளுக்கு எழுதத் தெரிந்தது இந்த ஓர் எண்தான். ஏழு எழுதி அதன் இடுப்பில் குறுக்கே ஒரு கோடு போட்டாள். ஒன்று எழுதும்போது கீழேயிருந்து நீளமாக மேலே இழுத்து, அப்புறம் நேராகக் கீழே இறக்கினாள். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரும் ஒன்று அது. புதுச்சேரிப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் பழக்கமானது. எல்லை தாண்டி இங்கிலீஷ்காரன் சீமையில் படித்தவனுக்கு அதுதான் ஏழு.

அரங்கநாதன் சாம்பலில் இருந்த அந்த ஒன்றின் பக்கத்தில் விரலை ஊன்றினார்.

“ஆரோக்கியம், இங்க மூணு விஷயம் கிடைச்சிருக்கு. எண் சந்தை நாள்லதான் வருது, வெல்லப்பாகுல வருது. அப்போ விடியறதுக்கு முன்னாடி சந்தைக்கு வர்ற வெல்ல வண்டியோட வருது. எழுதினவன் ஒண்ணை ஏழுன்னு படிக்கிறவன், எல்லைக்கு அந்தாண்ட படிச்சவன். இங்க எந்த வெல்ல ஆலையில அப்படி ஒருத்தன் இருக்கான்?”

“கரிக்கலாம்பாக்கம் மணவாளன் ஆலையில ராமுன்னு ஒருத்தன். எல்லைக்கு அந்தாண்ட கூடலூர்க்காரன். வண்டி கொண்டாறது அவந்தான். மணவாளன் பெரிய மனுசன் முசியே, இந்த வருசம் ஊர்த் தலைவர் பதவிக்கு, மேர் தேர்தல்ல நிக்கிறாரு. மூணாவது இன்னா?”

அரங்கநாதன் குரலைத் தாழ்த்தினார். “சாமிக்கண்ணு தன் கையால எழுதினதெல்லாம் சாம்பல்ல போயிடுச்சு. அப்படியிருந்தும் ஒருத்தன் அவர் கையெழுத்தைப் பார்த்து எழுதியிருக்கான். அப்போ அழியாத ஒரு இடத்துல அவர் எழுதியிருக்கணும். அடுப்பும் இல்லாம, தூக்கமும் இல்லாம இருக்கிற ஒரு இடத்துல.”

வள்ளியம்மாள் தாலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு யாரும் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கரிக்கலாம்பாக்கத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் சாய்ந்திருந்தது. துணைக்குச் சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ் சிப்பாய் ஒருவர். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் காசம்மாளும் வந்திருந்தாள். ஆலையில் மாடுகள் சுற்றிக்கொண்டிருந்தன. இரும்பு உருளைகள் கரும்பை நசுக்கும் சத்தம், கொப்பரையில் பாகு கொதிக்கும் வாடை. மணவாளன் எல்லோருக்கும் கரும்புச் சாறு கொண்டுவரச் சொன்னார். ஓட்டுக் கேட்கிறவர் சிப்பாய்க்கும் சாறு கொடுப்பார்.

அரங்கநாதன் சாற்றைத் தொடவில்லை. வெல்லப் பானைகளில் கரிப்பாகு தொட்டு எண் எழுதிக்கொண்டிருந்த ஒல்லியான ஆளிடம் நேரே போனார். பானையில் இருந்த ஏழுக்கு இடுப்புக்கோடு இல்லை. ஒன்று வெறும் கோடு.

“ராமு, உன் எண்ணை ஏழால வகுத்தா மூணு மீதி வருதேப்பா.”

ராமு கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டான். முகம் வெளுத்துவிட்டது.

“பக்கிரி தலையில பழியைப் போடறதுக்கு உன் முதலாளி எழுதச் சொன்னாரா?” என்று கேட்டார் அரங்கநாதன்.

“முதலாளிக்குத் தெரிஞ்சா என்னக் கொன்னுடுவாருங்க!” ராமு அழ ஆரம்பித்துவிட்டான். “பழி போட எழுதலீங்க. பழி போவட்டும்னுதான் எழுதினேன். அவருதான் எழுதச் சொன்னாரு. ‘எனக்காக பக்கிரியப் புடிச்சு வச்சிருக்காங்களாமே. எங்க வூட்டுக்குப் போவாத, பக்கிரி வூட்டுக் கதவுல என் எண்ண எழுது. செத்தவன் கணக்கு எழுத மாட்டான். நான் உசிரோட கீறன்னு புரிஞ்சுக்குவாங்க’ன்னு சொன்னாரு. வாய்தொறந்து சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. கடுதாசி எழுதினா என் கையெழுத்து தெரிஞ்சிடும். சரி, எண்ணுதானேன்னு எழுதினேன். சனங்க பேயின்னுட்டாங்க.”

துப்பறிகிறவர்கள் முகத்தில் அறை வாங்குவது அபூர்வம். அரங்கநாதன் அப்போது வாங்கினார். குற்றம் சாட்ட எழுதியது என்று ஊர் நினைத்தது. அவரும் அப்படித்தான் நினைத்தார். எழுதியவர் அதை விடுதலைப் பத்திரமாக அனுப்பியிருந்தார்.

இத்தனை நாளும் தான் சாணம் போட்டு அழித்தது என்ன என்று காசம்மாளுக்கு இப்போதுதான் புரிந்தது. தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எங்க இருக்காரு?” என்றான் ஆரோக்கியம்.

கரும்புச் சக்கைக் குவியலுக்குப் பின்னால் ஒரு மண் அறை. வெளியே தாழ். சிப்பாய் கதவைத் திறந்தார்.

முதலில் நாற்றம் வந்தது. அப்புறம் எண். சுவர் முழுக்க எண். 720719, 720719, 720719 என்று ஆணியால் கீறிய வரிசைகள், படுத்திருக்கும் ஒருவனுக்குக் கை எட்டும் உயரம் வரைக்கும். அதற்கு மேல் சுவர் சுத்தமாக இருந்தது. இடது கையால் எழுதியவை. ஒன்றின் கொக்கி கோணி, படுத்து, முக்கால்வாசி ஏழாகவே மாறியிருந்தது. ஆரோக்கியம் சிலுவைக்குறி போட்டுக்கொண்டான். பேயைப் பார்த்திருந்தால்கூட அவனுக்கு இவ்வளவு உடம்பு நடுங்கியிருக்காது.

மூலையில் சாக்கின் மேல் சாமிக்கண்ணு கிடந்தார். வலது கையை முழங்கை வரை துணியில் சுற்றியிருந்தது. துணி கறுத்துப்போயிருந்தது.

மாசி மகத்தன்று சாயங்காலம், தாகத்துக்குச் சாறு கேட்டு ஆலைக்கு வந்திருக்கிறார். உருளைக்குள் கரும்பு கொடுக்கிற ஆள் திருவிழாவுக்குப் போய்விட்டான். கொஞ்சம் கை கொடுங்களேன் என்று மணவாளன் அவரையே உட்காரவைத்திருக்கிறார். உருளை கரும்போடு கையையும் இழுத்துக்கொண்டது. தேர்தல் சமயத்தில் இப்படியொரு விஷயம் வெளியே போனால் எதிராளி விடுவானா? மணவாளன் அவரை அறையில் போட்டு, நாட்டு வைத்தியரை வைத்துக் கட்டுப் போட்டு, ரத்தத் துண்டை ஆற்றில் விட்டுவிட்டார். பக்கிரியைப் பிடித்ததும் விஷயம் இன்னும் சுலபமாகிவிட்டது.

“நான் யாரையும் கொல்லலியே!” என்றார் மணவாளன். “கஞ்சி ஊத்தினேன், வைத்தியம் பார்த்தேன். தேர்தல் முடிஞ்சதும் நானே கொண்டுபோய் வுட்டிருப்பேன்.”

“நீங்க கொல்லல” என்றார் அரங்கநாதன். “ஒரு மனுஷன் செத்தா தேவலைன்னு காத்துக்கிட்டு இருந்தீங்க. இதுக்குச் சட்டத்துல என்ன பேருன்னு நாளைக்குக் கோர்ட்டுல கேட்டுச் சொல்றேன்.”

சாமிக்கண்ணு கண்ணைத் திறந்தார். கண்ணில் காய்ச்சல் கொதித்தது. முதலில் ராமுவைப் பார்த்தார். “எழுதினியா?”

“எழுதினேங்க. ஆனா... ஒண்ண ஏழுன்னு எழுதிட்டேங்க.”

சாமிக்கண்ணுவின் முகம் சுருங்கியது. கை நசுங்கிய வலியைவிட இது அதிகம் வலித்ததுபோல் இருந்தது. “அடப்பாவி” என்றார் மெதுவாக. “ஏழுல உதைக்குமேடா.”

பிறகு சிப்பாயைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, தெளிவாகச் சொன்னார். “நான் சாமிக்கண்ணு. பக்கிரி என்னக் கொல்லல. எழுதிக்குங்க.”

வண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்தார்கள். நேரே புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு என்றார் அரங்கநாதன். சாமிக்கண்ணு தலையை ஆட்டி மறுத்துவிட்டார். போகிற வழியில் அந்தக் கதவு முன்னால் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் வண்டியிலிருந்து குதிப்பேன் என்றார். குதிக்க முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நிறுத்தினார்கள்.

வில்லியனூர்த் தெருவில் வண்டி நுழைந்தபோது முதலில் பார்த்தவள் எதிர்வீட்டு ஆண்டாள். அவள் போட்ட கூச்சலில் கதவுகள் திறந்து, திறந்த வேகத்தில் மூடி, மறுபடி இடுக்கு விட்டுத் திறந்தன. செத்த மனிதர் பொழுது சாயுமுன்னே இரண்டு பேர் தாங்கிப்பிடிக்கக் கொலைகாரன் வீட்டு வாசலில் இறங்கினார். வள்ளியம்மாள் அடுத்த தெருவிலிருந்து ஓடிவந்து அவரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.

சாமிக்கண்ணு கதவைப் பார்த்தார். இடது கைக் கட்டைவிரலில் எச்சில் தொட்டு, தப்பான ஏழின் தலைக்கட்டைப் பாதி தேய்த்து அழித்தார். மீதிப் பாதியைச் சாய்த்துக் கீழே இழுத்துவிட்டார். ஏழு ஒன்றாகியது. எறும்புகள் கலைந்து, வழி தேடி, மறுபடி வரிசைக்கு வந்தன.

“இப்ப வகுத்துப் பாருங்கடா” என்றார் தெருவைப் பார்த்து.

யாரும் நகரவில்லை. கடைசியில் ஆண்டாள்தான் உள்ளே போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தாள். அதைக் காசம்மாள் காலடியில் வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றாள். காசம்மாள் குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு சாமிக்கண்ணுவின் வாயில் ஊற்றினாள். அவர் குடித்துவிட்டு, அவளைக் குனியச் சொல்லிக் காதில் என்னவோ சொன்னார். பிறகு வண்டி கிளம்பியது. அரங்கநாதனும் வள்ளியம்மாளும் கூடவே போனார்கள்.

“இன்னா சொன்னாரு?” என்று கேட்டான் ஆரோக்கியம்.

“முப்பத்தொண்ணுன்னாரு. சேவல் எனுக்காம். இன்னாத்துக்குன்னு தெரியல.”

ஆரோக்கியம் மண்ணில் குந்தினான். இரண்டிலிருந்து முப்பது வரைக்கும் ஒவ்வொன்றாக அவன் தேங்காய் வைத்துத் தோற்றிருக்கிறான். போன மாசி மகத்தில் முப்பதும் போனபிறகுதான், இது வகுபடாத எண் என்று தலைமுழுகினான். குச்சியால் கீறினான். எழுபத்திரண்டில் இரண்டு முறை, மீதி பத்து. நூறில் மூன்று. எழுபத்தேழில் இரண்டு. நூற்றைம்பத்தொன்றில் நான்கு. இருநூற்றெழுபத்தொன்பதில் ஒன்பது.

23249. மீதி இல்லை.

இன்னும் ஒரு தேங்காய் வைத்திருந்தால் போதும். அவன் ஒன்று குறைவாக நிறுத்தியிருந்தான். ஊரே அங்கேதான் நிறுத்தியிருந்தது. ஆரோக்கியத்துக்குச் சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பில் மயிர்க்கூச்செறிந்தது. இந்த ஓர் எண்ணை வைத்துத்தான் அந்த மனிதர் இத்தனை காலம் சோறு தின்றார். பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லாத ரகசியம். அடுத்த மாசி மகத்துக்குக் கடை விரிக்க நினைக்கிறவர் அதை வாய்விட்டுச் சொல்வாரா?

எழுந்து பார்த்தான். வண்டி கோயில் குளத்தைத் தாண்டித் திரும்பிக்கொண்டிருந்தது. வைக்கோலுக்கு மேலே வள்ளியம்மாளின் முதுகு மட்டும் தெரிந்தது.

தெருக்காரர்கள் என்ன கணக்கு என்று எட்டிப் பார்க்க நெருங்கினார்கள். ஆரோக்கியம் அவசர அவசரமாகக் காலால் மண்ணைத் தேய்த்து எல்லாவற்றையும் அழித்தான்.

“யார் கேட்டாலும் சொல்லாத, காசம்மா” என்றான். “அந்தச் சேவலயும் இப்பவே வாங்கிடாத. அவரு வந்து கடை போடணும்ல.”

காசம்மாள் தலையாட்டினாள். அவன் ஏன் அழுகிறான் என்று அவள் கேட்கவில்லை.